கதம்பை (தேங்காய் மட்டை) ஊறும் குளம், கருவாட்டுத் தளம், உப்பளம்: நொதி தரும் நுண்ணுயிரை எந்த மண்ணில், எப்படித் தேடுவது?

#1 வெள்ளமடம்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி வருஷம். குமரி மாவட்ட மண்ணிலிருந்து தொழில்துறை நொதி தரும் பாக்டீரியாவைப் பிரிப்பதுதான் ப்ராஜெக்ட். ஆட்டோக்ளேவ், லாமினார், இன்குபேட்டர், ஷேக்கர், ஸ்பெக்ட்ரோ, சென்ட்ரிஃபியூஜ் இருக்கு. பெரிய கருவி எதுவும் இல்லை.

கேள்வி இரண்டு. ஒண்ணு, எந்த இடத்து மண்ணை எடுக்கலாம்? இரண்டாவது, தோட்டத்து மண்ணை ஸ்டார்ச் அகரில் பரப்பி அயோடின் ஊற்றியதில் ஒரு காலனியைச் சுற்றி, ஸ்டார்ச் உடைந்து நீலம் பிடிக்காத பெரிய வளையம். அதே காலனியை ஃபிளாஸ்கில் வளர்த்து டி.என்.எஸ். (நொதி உடைத்துத் தரும் சர்க்கரையை நிறத்தால் காட்டும் கரைசல்) போட்டால் பிளாங்குக்கும் (நொதி வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழாய்) சாம்பிளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீடியம்: நியூட்ரியன்ட் பிராத், 1% ஸ்டார்ச், 0.5% குளுகோஸ். 250 மிலி ஃபிளாஸ்கில் 150 மிலி. 24 மணி நேரத்தில் எடுத்தது. பஃபர் சிட்ரேட், பிஎச் 6.

#2 குழித்துறை_லேப்

இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்க பதிவுலேயே இருக்கு தம்பி.

குளுகோஸை முதலில் தூக்குங்க. எளிதாகத் தின்னக்கூடிய சர்க்கரை இருக்கும்வரை பேசில்லஸ் வகையறா (ஸ்போர் போடும் மண் பாக்டீரியா) ஆமிலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) ஜீனை அமுக்கித்தான் வைக்கும். போதாததற்கு, மிச்சமுள்ள குளுகோஸ் டி.என்.எஸ்.ஸோடு சேர்ந்து பிளாங்க்கையே கறுப்பாக்கிடும். அந்தக் கறுப்புக்குள்ளே நொதி தந்த சிவப்பு எங்கே தெரியும்?

250 மிலி ஃபிளாஸ்கில் 150 மிலி ஊற்றினால் காற்று போகாது. 50 மிலி போதும், 150 முதல் 180 ஆர்.பி.எம். பேசில்லஸில் நொதி கொட்டுவது பெரும்பாலும் வளர்ச்சி அடங்கும் நேரத்தில்தான். அதனால் 24, 36, 48, 72 மணி என்று நாலு தடவை 2 மிலி எடுத்துப் பாருங்க. ஒரே நேரத்தில் எடுத்துவிட்டு "நொதி இல்லை" என்று எழுதிடாதீங்க.

சிட்ரேட் பஃபர் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பாக்டீரியா ஆல்ஃபா ஆமிலேஸ் பலதுக்கும் உருவம் நிற்கக் கால்சியம் வேணும். டிரிஸ் பஃபர் பிஎச் 7.5, அதில் 2 முதல் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு போட்டுப் பாருங்க. பாஸ்பேட் பஃபரில் கால்சியம் சேர்த்தால் வெள்ளையாகத் திரிஞ்சு போகும், அது வேண்டாம்.

மீடியம் லிட்டருக்கு: கரையும் ஸ்டார்ச் 10 கிராம், பெப்டோன் 5, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 2, மெக்னீசியம் சல்ஃபேட் 0.5, கால்சியம் குளோரைடு 0.2, பிஎச் 7. ஜவ்வரிசியை அரைச்சுப் போட்டால் அடியில் தங்கும், அளவு ஒரே மாதிரி வராது.

#3 நாஞ்சில்நொதி

குழித்துறை சொன்னது ஃபிளாஸ்க்குச் சரி. முதல் கேள்விதான் பெரியது, அதைத் தலைகீழாகக் கேட்கணும். "எந்த மண்" என்பது கடைசி. நொதி எந்த வேலைக்கு, அங்கே என்ன சூடு, என்ன பிஎச், பக்கத்தில் என்ன ரசாயனம் என்பது முதல். அது தெரிந்தால் மண் தானாகவே முடிவாகும், தட்டில் என்ன ஊற்றணும் என்பதும் முடிவாகும்.

சோப்புத்தூளுக்குப் புரோட்டியேஸ் (புரதத்தை உடைப்பது) வேணுமா? பிஎச் 9 முதல் 11, சர்ஃபாக்டன்ட் (அழுக்கு எடுக்கும் பொருள்), ஆக்ஸிஜன் பிளீச், கால்சியத்தைப் பிடிக்கும் பொருட்கள் இவ்வளவுக்கும் நடுவில் நிற்கணும். காகிதக்கூழ் வெளுக்கச் சைலனேஸ் (மரத்திலுள்ள சைலனை உடைப்பது) வேணுமா? சூடும் காரமும் தாங்கணும், அதைவிட முக்கியம் கூடவே செல்லுலேஸ் (செல்லுலோஸை உடைப்பது) இருக்கக் கூடாது. இருந்தால் நாரையே அரிச்சிடும். ஸ்டார்ச்சைத் திரவமாக்கும் ஆமிலேஸ் 100 டிகிரிக்கு மேலே சில நிமிஷம் நிற்கணும். பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் ஆமிலேஸ் அந்த வேலைக்குப் போனது அதனால்தான். தோல் மயிர் நீக்க வேணுமென்றால் கெரட்டினும் மற்றப் புரதமும் தின்னணும், கொலாஜனைத் தொடக் கூடாது.

37 டிகிரி, பிஎச் 7, நியூட்ரியன்ட் அகர் என்று தேடினால், 37 டிகிரி பிஎச் 7-ல் வேலை செய்யும் நொதிதான் கிடைக்கும். அது ஏற்கெனவே உலகம் முழுக்க இருக்கு. 1960-களின் கடைசியில் ஜப்பானில் ஹொரிகோஷி செய்த காரியம் மீடியத்தில் சோடியம் கார்பனேட் போட்டு பிஎச்-சை 10-க்குக் கொண்டு போனது. அதுவரை யார் கண்ணிலும் படாத காரவிரும்பி பேசில்லஸ் சாதாரணத் தோட்டத்து மண்ணிலேயே கிடைத்தது. 1987-ல் அங்கே சோப்புத்தூளில் வந்த காரச் செல்லுலேஸ் அந்த வழியில் வந்ததுதான். அபூர்வ மண் தேடுவதற்கு முன்னால் மீடியத்தை மாற்றுங்க.

#4 கருங்கல்சந்தை

மணவாளக்குறிச்சி கறுப்பு மணலில் எடுத்தால் வித்தியாசமா ஏதாவது கிடைக்காதா? கதிரியக்கம் உள்ள மண் ஆச்சே.

#5 நாஞ்சில்நொதி

கதிரியக்கம் தாங்கும் உயிர் வேறு, நொதியை வெளியே கொட்டும் உயிர் வேறு. வெளியே நொதி கொட்டுவது, வெளியே கிடக்கும் பெரிய மூலக்கூறை உடைச்சுத் தின்னத்தான். அலையடிக்கும் கனிம மணலில் தின்ன ஒண்ணும் இல்லை. அங்கே ஸ்டார்ச் உடைக்கிறவனுக்கு என்ன வேலை? தலைப்பு மட்டும் பத்திரிகைக்கு நல்லா இருக்கும்.

#6 தேரூர்க்குளம்

நம்ம மாவட்டத்தில் "தின்ன நிறைய கிடக்கும்" இடங்களை ஒரு வரிசையாக எழுதுறேன். எல்லாம் தனியார் இடமென்றால் உரிமையாளரிடம் வாங்கிய எழுத்து அனுமதியை நோட்டில் ஒட்டி வைங்க. கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் காட்டுக்குள்ளே எடுப்பதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கரண்டி மண்கூட வேண்டாம்.

மரச்சீனிக்கிழங்கு அரைக்கும், கழுவும் இடத்து வடிகால் மண்: ஆமிலேஸ், புல்லுலனேஸ் (ஸ்டார்ச்சின் கிளைகளை வெட்டுவது). மேற்குப் பக்கம் நிறைய.

கருவாடு காயப்போடும் தளம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகக் கழிவு வடிகால்: புரோட்டியேஸ், லைபேஸ் (கொழுப்பை உடைப்பது). இறால் தோடு குவியும் இடமென்றால் கைட்டினேஸ் (தோட்டிலுள்ள கைட்டினை உடைப்பது).

எண்ணெய்ச் செக்கு, கொப்பரை உலர்களம்: லைபேஸ்.

மரம் அறுக்கும் மில் தூள் வருஷக்கணக்காகக் குவிந்து அடியில் கறுத்துப் போன பகுதி: செல்லுலேஸ், சைலனேஸ். மேலே கிடக்கும் புதுத் தூளில் ஒண்ணும் இருக்காது.

தோவாளைப் பூச்சந்தைக் கழிவு, வாழைத்தார் சந்தைக் கழிவு: பெக்டினேஸ் (செடியின் செல்களை ஒட்டி வைக்கும் பெக்டினை உடைப்பது), செல்லுலேஸ்.

கதம்பை ஊறப்போடும் குளங்கள்: இதுதான் என் கட்சி. தேங்காய் மட்டையின் நார்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டினும் ஃபீனாலும். மாசக்கணக்கில் உப்பங்கழித் தண்ணீரில் அமுக்கிக் கிடக்கும்போது பெக்டினை உடைக்கும் பாக்டீரியாதான் நாரைப் பிரித்துக் கொடுக்குது. அந்தக் கறுப்புச் சேற்றில் ஃபீனாலையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் தாங்கிக்கொண்டு வாழ்கிறவை மட்டும்தான் மிச்சம் இருக்கும். தேர்வு வேலையைக் குளமே பாதி முடிச்சுக் கொடுத்திருக்கு.

சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்கள்: உப்பு தாங்கும் எல்லா நொதியும். அதுக்கு தனி முறை, நம்ம உறுப்பினர் உப்புக்காற்று வந்து எழுதட்டும்.

காலம்: நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மழை அடித்த வாரத்தில் வடிகால் மண் கழுவிப் போயிருக்கும், எண்ணிக்கை விழும். மார்ச் முதல் மே நல்லது.

#7 குழித்துறை_லேப்

மண் எடுக்கும் முறை, சுருக்கமா. மேல்சருகை ஒதுக்கி 5 முதல் 15 செ.மீ. ஆழம். ஒரே இடத்தில் நாலைந்து குழி, ஒவ்வொன்றிலும் 50 கிராம், கலந்து ஒரு மாதிரி. கரண்டியை ஒவ்வொரு இடத்துக்கும் 70% ஆல்கஹாலில் துடைச்சுக் காயவிடணும். ஐஸ்பெட்டியில் கொண்டு வந்து 4 டிகிரியில் வைங்க, இரண்டு மூணு நாளுக்குள்ளே தட்டில் போடுங்க. ஃப்ரீசரில் வைக்காதீங்க. சூடு, பிஎச் (மண் 1, தண்ணீர் 2.5), உப்பு, ஜி.பி.எஸ். நாலையும் அங்கேயே குறிச்சுக்கிடுங்க. பிற்பாடு பேப்பர் எழுதும்போது எல்லாரும் கேட்பது இதைத்தான்.

கதம்பைக் குளத்துச் சேறென்றால் பாட்டிலை வாய்வரை நிரப்பி மூடுங்க, காற்று நின்றால் காற்றில்லா உயிர்கள் சாகும்.

நீர்த்தல்: 1 கிராம் மண், 9 மிலி 0.85% உப்புநீர், நாலைந்து கண்ணாடி மணி, ஷேக்கரில் 20 நிமிஷம். இந்தக் குலுக்கல் இல்லையென்றால் மண்துகளில் ஒட்டியிருப்பது இறங்காது. அதிலிருந்து பத்துப் பத்தாக 10⁻⁶ வரை. 10⁻³, 10⁻⁴, 10⁻⁵ மூன்றிலிருந்தும் 0.1 மிலி பரப்புங்க. தட்டை முந்தின நாளே ஊற்றிக் காய வச்சிருக்கணும். ஈரத்தட்டில் பேசில்லஸ் தட்டு முழுக்கப் படர்ந்து, யார் வளையம் எது என்று தெரியாது. படருது என்றால் அகரை 1.5%-லிருந்து 2% ஆக்குங்க.

பூஞ்சை தொல்லை என்றால் சைக்ளோஹெக்ஸிமைடு மிலிக்கு 50 மைக்ரோகிராம். அது மனுஷருக்கும் விஷம், தூள் எடைபோடும்போது முகமூடி கட்டுங்க. பேசில்லஸ் மட்டும் போதுமென்றால் மண் கரைசலை 80 டிகிரி தண்ணீர்த்தொட்டியில் 10 நிமிஷம் வைங்க, ஸ்போர் மட்டும் மிஞ்சும்.

#8 வெள்ளமடம்

ரொம்ப நன்றி. என்ரிச்மென்ட் (தேடும் உயிர் பெருகும்படி மண்ணை முதலில் திரவ மீடியத்தில் வளர்ப்பது) செய்யணுமா? சிலர் நேராகத் தட்டில் போடச் சொல்றாங்க.

#9 நாஞ்சில்நொதி

செய்தால் எண்ணிக்கை கூடும், வகை குறையும். 1% ஸ்டார்ச் போட்டு ஒரு வாரம் ஆட்டினால் வேகமாக வளர்கிற இரண்டு மூன்று பேர் மட்டும் மிச்சம். மெதுவாக வளரும் ஆக்டினோமைசீட்கள் (இழையாக வளரும் மண் பாக்டீரியா) காணாமலே போகும். மண்ணில் அபூர்வமாக இருப்பதைத் தேடும்போது (கைட்டின், ரப்பர், கெரட்டின் தின்னுகிறவை) என்ரிச்மென்ட் செய்யுங்க. ஆமிலேஸ், புரோட்டியேஸுக்கு அவசியமே இல்லை, நேரடித் தட்டிலேயே கொள்ளை கொள்ளையாக வரும்.

#10 குழித்துறை_லேப்

இப்போ தட்டுகள். வளையம் பொய் சொல்லும் இடங்களைத்தான் விரிவா எழுதுறேன், மீடியம் செய்முறை எல்லா மேனுவலிலும் இருக்கு.

ஸ்டார்ச்: அயோடின் 1 கிராம், பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், தண்ணீர் 300 மிலி. அயோடின் காலனியைக் கொன்றுவிடும். அதனால் ஊற்றும் முன்னே ஒவ்வொரு காலனியையும் நம்பர் போட்டு இன்னொரு தட்டில் தொட்டு வைக்கணும். நீலம் சீக்கிரம் மங்கும், ஊற்றின கையோடு படம் எடுங்க.

பால் தட்டு: கொழுப்பு நீக்கிய பால்பவுடர்தான். கடையில் கிடைக்கும் சாதா பால்பவுடரில் கொழுப்பு மிதந்து தட்டு மங்கலாகும். 1% பாலைத் தனியே 110 டிகிரியில் 10 நிமிஷம், அகரைத் தனியே 121-ல், இரண்டும் 50 டிகிரிக்கு இறங்கினபின் கலக்கணும். சேர்த்து வைத்தால் பால் பழுப்பாகித் திரியும். அமிலம் விடும் பாக்டீரியாவும் காலனியைச் சுற்றித் தோற்றத்தை மாற்றி ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் 10% டி.சி.ஏ. (டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம்) ஊற்றுங்க. செரிக்காத கேசீன் (பால் புரதம்) வெள்ளையாக உறையும், நிஜ வளையம் மட்டும் தெளிவாக நிற்கும். பிஎச் 10 தட்டில் பால் தானாகவே கொஞ்சம் கரைந்து தெளியும், அங்கே டி.சி.ஏ. இல்லாமல் முடிவு எழுதவே கூடாது.

சி.எம்.சி. (கரையும்படி மாற்றிய செல்லுலோஸ்) தட்டு: 0.1% காங்கோ ரெட் 15 நிமிஷம், பிறகு 1 மோலார் உப்புநீரில் 15 நிமிஷம் கழுவல். காங்கோ ரெட் பென்சிடின் சாயம், கையுறை இல்லாமல் தொடாதீங்க, வாஷ்பேசினில் ஊற்றாதீங்க. முக்கியமானது: இந்த வளையம் எண்டோகுளுகனேஸை (சங்கிலியை நடுவில் வெட்டும் ஒரு வகைச் செல்லுலேஸ்) மட்டும் காட்டும். "செல்லுலேஸ் கிடைத்தது" என்று எழுதணுமென்றால் வடிதாளைக் கரைக்கிறதா என்று 50 டிகிரியில் 60 நிமிஷம் பார்க்கணும். சி.எம்.சி.யில் பெரிய வளையம் தரும் பேசில்லஸ் பலதும் வடிதாளைத் தொடக்கூட மாட்டா.

ஃபைடேஸ் (தானியத்திலுள்ள ஃபைடேட்டை உடைப்பது): கால்சியம் ஃபைடேட் தட்டு. அமிலம் விட்டாலும் தெளியும். 2% கோபால்ட் குளோரைடு ஊற்றி, பின் அம்மோனியம் மோலிப்டேட் வனடேட் கரைசல் போட்டால் அமிலம் தந்த வளையம் மறுபடி மூடிக்கொள்ளும்.

#11 கருங்கல்சந்தை

லைபேஸுக்கு டிரைபியூட்ரின் தட்டு போதுமா? தேங்காய் எண்ணெய் போடலாமா? நம்ம ஊரில் விலை இல்லாமல் கிடைக்குமே.

#12 தேரூர்க்குளம்

டிரைபியூட்ரின் நாலு கார்பன் சங்கிலி. குட்டைச் சங்கிலியை மட்டும் உடைக்கும் எஸ்டரேஸ்கூட அதை உடைக்கும். அதில் வளையம் வந்ததை வைத்து "லைபேஸ்" என்று எழுதினால் பேப்பர் திரும்பி வரும். முதல் சலிப்புக்கு மட்டும் அது. அடுத்தது ஆலிவ் எண்ணெய் 2.5 முதல் 3%, ரோடமைன் பி 0.001%. லைபேஸ் இருந்தால் புற ஊதா ஒளியில் (350 நானோமீட்டர்) காலனியைச் சுற்றி ஆரஞ்சு ஒளிரும். எண்ணெயைச் சூடான அகரில் நன்றாக அடித்துக் கலக்கணும். மிக்ஸியில் அடித்தால் நுரை வரும், நுரை அடங்கினபின் ஊற்றுங்க. துளி பெரிசா இருந்தால் தட்டு திட்டுத் திட்டாக ஒளிரும்.

தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்டே லாரிக் அமிலம், பன்னிரண்டு கார்பன். அதைத் தின்பவன் ஆலிவ் எண்ணெயின் பதினெட்டு கார்பன் ஓலிக் அமிலத்தையும் தின்பான் என்று சொல்ல முடியாது. அதோடு 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஏ.சி. அறையில் தட்டு வெளுத்துப் போய் எது வளையம் என்றே தெரியாது. கொப்பரை மண்ணிலிருந்து எடுத்ததைத் தேங்காய் எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அது நல்ல ஒரு அட்டவணை. செக்கு எண்ணெயாகவே எடுங்க, என்ன கலந்திருக்கு என்ற சந்தேகம் வேண்டாம்.

#13 உப்புக்காற்று

கூப்பிட்டதால் வந்தேன். உப்பளம் பற்றி.

சாத்தானே நீர்த்தல் குழாயில்தான் உட்கார்ந்திருக்கான். உப்பளத்து இளஞ்சிவப்புத் தண்ணீரில் இருக்கும் ஹாலோஆர்க்கியாவை (கடும் உப்பில் வாழும், பாக்டீரியா அல்லாத நுண்ணுயிர்) 0.85% உப்புநீரில் போட்டால் அந்த நிமிஷமே வெடிக்கும். எல்லாத் தட்டும் வெறுமையாக வந்து "இந்த மண்ணில் உயிர் இல்லை" என்று எழுதிடுவாங்க. நீர்த்தும் கரைசலும் 20% உப்பாக இருக்கணும், கூடவே மெக்னீசியம் சல்ஃபேட் லிட்டருக்கு 20 கிராம்.

மீடியத்தில் உப்பு 20 முதல் 25%, அகர் 2%. தட்டுகளை ஈரத்துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி 37 முதல் 40 டிகிரியில் வைங்க. கட்டாமல் விட்டால் உப்புப் படிகம் முளைக்கும், அதையே காலனி என்று எண்ணுவாங்க. பாக்டீரியா நாலைந்து நாளில் வரும், ஆர்க்கியாவுக்கு இரண்டு மூன்று வாரம். பொறுமை இல்லாதவங்க 5 முதல் 10% உப்பில் நடுத்தர உப்புவிரும்பி பேசில்லஸைத் தேடலாம். பயன்பாட்டுக்கு அதுதான் பல நேரம் நல்லது.

நொதி அளக்கும்போதும் உப்பை விடக் கூடாது. ஹாலோஆர்க்கியா நொதிகளின் மேற்பரப்பில் அமிலத்தன்மை உள்ள அமினோ அமிலங்கள் ஏராளம். உப்பு இறங்கினால் ஒன்றையொன்று தள்ளி உருவம் குலையும். பஃபரில் 2 முதல் 4 மோலார் உப்பு வேணும். டயாலிசிஸ் (சவ்வுப்பையில் போட்டு உப்பை வெளியேற்றுவது) செய்யும்போது வெறும் பஃபரில் போட்டால் முழுசும் போச்சு, திரும்பி வராது.

கோடையில்தான் போங்க. மழைக்காலத்தில் பாத்திகள் நன்னீரால் நிரம்பி, மேலே கிடப்பது வேறு உயிர்கள்.

#14 வெள்ளமடம்

கதம்பைக் குளம், பெக்டினேஸ் எடுக்கலாம் என்று முடிவு. ஈத்தாமொழிப் பக்கம் அனுமதி கிடைக்கும். என்ன பிஎச் தேர்ந்தெடுப்பது? சி.டி.ஏ.பி. (பெக்டினைப் படிய வைக்கும் சோப்பு போன்ற பொருள்) ஊற்றணும் என்று படித்தேன்.

#15 நாஞ்சில்நொதி

நல்ல முடிவு. பெக்டினேஸில் இரண்டு சந்தை. பழச்சாறு தெளிய வைக்கும் பாலிகாலக்சுரனேஸ் பிஎச் 3.5 முதல் 5. அதில் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் காலங்காலமாகக் கோலோச்சுது, நீங்க போய் மோத வேண்டாம். மற்றது காரப் பெக்டேட் லையேஸ்: நார் பிரிக்க, பருத்தித் துணியைக் காஸ்டிக் இல்லாமல் சுத்தம் செய்ய. பிஎச் 8 முதல் 10. கதம்பைக் குளம் இரண்டாவதற்கு வழி.

பொறி ஒன்று இருக்கு. பெக்டினைக் கார பிஎச்-சில் ஆட்டோக்ளேவ் செய்தால் அது தானாகவே உடையும். வளையம் கிடைக்காது, கிடைத்தாலும் நம்ப முடியாது. பெக்டினை (அல்லது பெக்டினின் அடிப்படைச் சங்கிலியான பாலிகாலக்சுரானிக் அமிலத்தை) 0.5% நடுநிலை பிஎச்-சில் தனியே, சோடியம் கார்பனேட்டைத் தனியே சுத்திகரிச்சு, இளஞ்சூட்டில் கலங்க. பிஎச் 9 போதும். குளத்துத் தண்ணீரின் உப்பு என்னவோ அதே அளவு மீடியத்திலும் போடுங்க.

48 மணி நேரம் 37 டிகிரியிலும், இன்னொரு செட் 45 டிகிரியிலும். பிறகு 1% சி.டி.ஏ.பி. ஊற்றி 10, 15 நிமிஷம். உடையாத பெக்டின் வெள்ளையாகப் படியும், வளையம் தெளிவு. அதுவும் காலனியைக் கொல்லும், நகல் தட்டு மறக்காதீங்க. அறை 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் சி.டி.ஏ.பி.யே படிகமாகும்.

#16 குழித்துறை_லேப்

வளையத்தின் அகலத்தைக் காலனியின் அகலத்தால் வகுத்து வரிசை போடுவாங்க. அந்த வரிசையை நம்பி முதல் ஒன்றை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. சின்னக் காலனி, கொஞ்சமா நொதி விட்டாலும் விகிதம் பெரிசா வரும். அளவில் சிறிய நொதி அகரில் தூரம் ஓடும். வளையம் "இருக்கா இல்லையா" என்பதற்கு மட்டும். மேலே உள்ள பத்துப் பதினைந்தை ஃபிளாஸ்கில் வளர்த்து அளந்தபின் வரிசை போடுங்க, அந்த வரிசை தட்டு வரிசையோடு பெரும்பாலும் ஒத்துவராது.

டி.என்.எஸ். கணக்கு ஒண்ணு. 0.1 மிலி நொதி, 0.9 மிலி பஃபரில் கரைத்த 1% ஸ்டார்ச், 50 டிகிரி, 10 நிமிஷம். 2 மிலி டி.என்.எஸ். ஊற்றி நிறுத்தி, கொதிநீரில் 5 நிமிஷம், ஆறவைத்து ஸ்பெக்ட்ரோவில் 540 நானோமீட்டர். ஸ்டாண்டர்ட் கோட்டில் 0.36 மி.கி. குளுகோஸ் காட்டினால், 0.36-ஐ 0.18-ஆல் (1 மைக்ரோமோல் குளுகோஸின் எடை, மி.கி.) வகுக்க 2 மைக்ரோமோல். 10 நிமிஷத்தால் வகுக்க 0.2 யூனிட். எடுத்த நொதி 0.1 மிலி, ஆக மிலிக்கு 2 யூனிட். நொதியைப் பத்து மடங்கு நீர்த்திருந்தால் 20. ஆமிலேஸுக்கு மால்டோஸ் ஸ்டாண்டர்டும் போடுவாங்க, அப்போ வகுக்க வேண்டியது 0.342. குளுகோஸா மால்டோஸா என்று எழுதாத யூனிட்டை யாரோடும் ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனி பிளாங்க்: முதலில் டி.என்.எஸ்., பிறகு நொதி. மீடியத்திலுள்ள சர்க்கரை அப்பதான் கழியும். ஸ்பெக்ட்ரோ காட்டும் அளவு 0.1-லிருந்து 0.8-க்குள் நிற்கணும். தாண்டினால் நொதியை நீர்த்து மறுபடி போடுங்க, கலர் வந்த கரைசலில் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காதீங்க. நொதியைப் பாதியாக்கினால் சர்க்கரையும் பாதியாகணும். ஆகலையா, ஸ்டார்ச் தீர்ந்து போச்சு, அந்த எண் செல்லாது.

#17 நாஞ்சில்நொதி

பெக்டேட் லையேஸுக்கு டி.என்.எஸ். தேவையே இல்லை. அது உடைக்கும்போது இரட்டைப் பிணைப்பு உண்டாகும், 235 நானோமீட்டரில் நேராகப் பார்க்கலாம். 0.2% பாலிகாலக்சுரானிக் அமிலம், பிஎச் 8.5 டிரிஸ், 0.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு. கால்சியத்தைக் கூட்டினால் பெக்டேட் கூழாகி ஒளியை மறைக்கும், குறைத்தால் நொதி ஓடாது. குவார்ட்ஸ் குவெட் (ஸ்பெக்ட்ரோவில் வைக்கும் சின்னக் குழாய்) இல்லாமல் முடியாது. சாதா கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் 235-ல் ஒளியை விடாது. கூடவே ஈ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடிக்கும் பொருள்) போட்ட ஒரு குழாய் வைங்க. அங்கே நொதி நின்றுபோனால் அது லையேஸ் என்பதற்கு நல்ல சாட்சி.

#18 கருங்கல்சந்தை

வீட்டில் பிரஷர் குக்கரை வைத்து இதெல்லாம் செய்து பார்க்கலாமா? கடல்பாசி வாங்கி அகர் ஆக்கலாமே.

#19 தேரூர்க்குளம்

அண்ணே, குக்கர் 15 பவுண்டு அழுத்தம் பிடிக்கும், கடல்பாசி உறையும், அது பிரச்சினை இல்லை. மண்ணில் கிராமுக்கு நாலு பேர் இருந்ததைத் தட்டில் கோடிக்கணக்காக்குவதுதான் பிரச்சினை. தென்னிந்திய நெல்வயல் மண்ணில் பர்க்கோல்டேரியா சூடோமல்லை உண்டு, மெலியாய்டோசிஸ் தரும், சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு உயிர் ஆபத்து. வயல் மண்ணை லேபில்கூட திறந்த மேஜையில் குலுக்காதீங்க, காலனியை முகர்ந்து பார்க்கவே பார்க்காதீங்க. பால் தட்டில் அழகான வளையம் தருவதில் பேசில்லஸ் சீரியஸும் ஒண்ணு, அது சாப்பாட்டில் விஷம். ரத்த அகரில் போட்டு ஹீமோலிசிஸ் (ரத்த அணு உடைவது) பார்த்து முதலிலேயே ஒதுக்குங்க. பூஞ்சையில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் அஃப்லாடாக்சின் என்ற நச்சு விடும். உணவுத் தொழிலுக்கு நொதி என்று கனவு இருந்தால் இந்த மூன்று பேரும் வேண்டாம். வீட்டில் வேண்டாம், அவ்வளவுதான்.

#20 வெள்ளமடம்

16எஸ் (இனம் காணப் பார்க்கும் ரைபோசோம் ஜீன்) செய்துவிட்டால் ஐடென்டிஃபிகேஷன் முடிந்ததா அக்கா? காப்புரிமை, டெபாசிட் பற்றியும் கைடு கேட்கச் சொன்னார்.

#21 தேரூர்க்குளம்

27எஃப், 1492ஆர் பிரைமர் (ஜீனைப் பெருக்க அதன் இரு முனையில் ஒட்டும் துண்டுகள்), ஏறத்தாழ 1,500 டி.என்.ஏ. எழுத்து. இரண்டு பக்கமும் சீக்வென்ஸ் செய்து இணைக்கணும், ஒரு பக்கம் 700 எழுத்தை வைத்து இனம் சொல்லக் கூடாது. பேசில்லஸ் சப்டிலிஸ், அமைலோலிக்யுஃபேசியன்ஸ், வெலசென்சிஸ் மூன்றும் 16எஸ்-ஸில் ஏறக்குறைய ஒரே முகம். அங்கே ஜைரேஸ் பி ஜீன் வேணும். என்.சி.பி.ஐ. (ஜீன் தகவல் தளம்) பட்டியலில் மேலே வந்த பெயரையே எழுதாதீங்க, டைப் ஸ்ட்ரெயினோடு (இனத்துக்குச் சான்றாக வைத்திருக்கும் மாதிரி) ஒப்பிடுங்க. 98.7%-க்குக் கீழே என்றால் புது இனமாக இருக்க வாய்ப்பு, மேலே என்றால் அதே இனம் என்று அர்த்தமும் இல்லை.

டெபாசிட்: சண்டிகரில் எம்.டி.சி.சி., புனேயில் என்.சி.எம்.ஆர். என்று நுண்ணுயிர்ச் சேமிப்பகங்கள் இருக்கு. இரண்டுமே புடாபெஸ்ட் ஒப்பந்தப்படி காப்புரிமைக்கான டெபாசிட்டும் வாங்கும். சாதா டெபாசிட் வேறு, காப்புரிமை டெபாசிட் வேறு, படிவமும் கட்டணமும் வேறு, விண்ணப்பத்தில் சரியாகக் குறிக்கணும். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் நம்ம நாட்டு மாணவர் நம்ம நாட்டிலேயே ஆராய்ச்சி செய்யத் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டாம். காப்புரிமைக்குப் போனால் சென்னையிலுள்ள அந்த ஆணையத்தை அணுகாமல் முடியாது. கல்ச்சரையோ முடிவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்குக் கொடுப்பதென்றாலும் அப்படித்தான். சும்மா கூரியரில் போட்டு அனுப்பிடாதீங்க. காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்னால் பேப்பரோ போஸ்டரோ போடக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வைங்க.

#22 குழித்துறை_லேப்

இதையெல்லாம் விடச் சீக்கிரம் செய்ய வேண்டியது ஸ்டாக். நல்ல காலனி கிடைத்த அன்றே, மூன்று தடவை தனிக்காலனியாக்கி, 20% கிளிசராலில் மைனஸ் 80-ல் ஐந்து குழாய். மைனஸ் 20 மட்டும்தான் இருக்கென்றால் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுசாக்குங்க. பேசில்லஸுக்கு ஸ்போர் ஆகவிட்டு வைத்தால் இன்னும் பாதுகாப்பு. வாரா வாரம் ஸ்லான்ட் (சாய்த்து உறைய வைத்த அகர் குழாய்) மாற்றிக்கொண்டே போனால் சில ஸ்ட்ரெயின் நொதி விடுவதையே நிறுத்திடும். சொகுசான நியூட்ரியன்ட் அகரில் நொதி விடாதவனும் நல்லா வளர்வான், மாற்ற மாற்ற அவன்தான் மிஞ்சுவான். அதனால் ஸ்லான்ட்டும் பெக்டின் உள்ளதாகவே போடுங்க.

வடித்த நொதியை 4 டிகிரியில் விட்டுட்டுப் போனால் அதே உயிர் விட்ட புரோட்டியேஸ் மற்ற நொதியைத் தின்னும். அன்றன்றைக்கு அளக்க முடியாததைச் சின்னச் சின்னக் குழாயில் பிரித்து உறைய வைங்க, உருகினதை மறுபடி உறைய வைக்காதீங்க.

#23 வெள்ளமடம்

சரிங்க. முதல் மாதிரிக்கு இரண்டு குளம், ஒவ்வொன்றிலும் கரையோரம், நடு என்று எடுக்கிறேன். பிஎச் 9, 0.5% பெக்டின், குளத்து உப்பளவு, 37-லும் 45-லும். குவார்ட்ஸ் குவெட்டுக்கு வேற துறையில் கேட்டிருக்கேன். குளத்தில் கதம்பை போட்டு எத்தனை மாசம் ஆனதை எடுக்கணும்?

#24 தேரூர்க்குளம்

நார் கையால் இழுத்தால் பிரிய ஆரம்பிச்சிருக்கும் கதம்பையைக் கேட்டு வாங்குங்க, குளம் வேலைக்காரங்களுக்கு அது பார்த்தவுடன் தெரியும். முழுசா அழுகினதில் பெக்டின் தீர்ந்திருக்கும், பிறகு வருகிறவங்க வேற கூட்டம். சேறு மட்டும் போதாது, அந்தக் கதம்பையின் உள்பக்கத்தைச் சுரண்டி 1 கிராம் தனி மாதிரியாக வைங்க. நாரில் ஒட்டியிருப்பதுதான் நீங்க தேடுவது.

#25 உப்புக்காற்று

தண்ணீரும் 100 மிலி எடுங்க, ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பு அளக்கும் கருவி) இல்லையென்றால் 50 மிலியைக் கிண்ணத்தில் வற்ற வைத்து எடை பார்த்தால் உப்பு வந்திடும். காயல் கடலில் சேரும் வாய் திறந்திருக்கும் நாளும் மணல் மூடியிருக்கும் நாளும் உப்பு ஒண்ணா இருக்காது, மீடியம் போடும் முன்னால் அன்றைய எண்ணைப் பாருங்க.